மயில்சாமி அண்ணன் சாம்பிள் கேட்ட வால்வு

எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் மயில்சாமி என்றால் முகம் சுளிக்காத ஆள் கிடையாது. நானும் சுளித்தவள்தான், சேர்ந்த நாளிலிருந்து. இன்றைக்கு அந்த மனுஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எங்கள் ஃப்ளோர் பெண்களே நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். மனசில் இருப்பதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் கலைமகள். வீடு திருப்பூர் ராயபுரத்தில். பல்லடம் ரோட்டில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியில் இரண்டாவது மாடிக்கு நான் சூப்பர்வைசர். தையல், செக்கிங், அயர்னிங் மூன்றும் ஒரே ஹாலில் நடக்கும். தைக்கிறவர்கள், பிசிர் வெட்டுகிறவர்கள், செக் பண்ணுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஆம்பளை என்று பார்த்தால் மெஷின் மெக்கானிக் முனீஸ், அயர்ன் மேசையில் இரண்டு வடக்கத்திப் பையன்கள், அவ்வளவுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் பேச்சு உண்டு. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வேலை வாங்குகிறவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்?

மயில்சாமி அண்ணனுக்குச் சொந்த ஊர் சாமளாபுரம். தறி ஓட்டுகிற குடும்பம். கூடப் பிறந்தவர்கள் தறியைப் பார்த்துக்கொள்ள, இவர் பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறி, பட்டனும் ஜிப்பும் விற்கிற கடையில் வேலைக்கு நின்றார். எங்கள் முதலாளி திருமூர்த்தி அந்தக் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் எடுத்துப் போட்ட பட்டனைக் காட்டி, கடையில் சம்பளம் வாங்குகிற இந்த ஆளே, "இந்த லாட்டு வேண்டாமுங்க, சாயம் எறங்கும்" என்று சொன்னாராம். கடைக்காரர் அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். முதலாளி அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனிக்குள் வந்த நூல், ஊசி, ரப்பர், லேபிள் எதுவும் அந்த மனுஷன் கை படாமல் வந்ததில்லை.

கை மட்டுமா? பல்லும்தான். பட்டனைக் கடித்துப் பார்ப்பார். லேபிளைக் குடிக்கிற தண்ணீர் டம்ளரில் ஊறப் போட்டு, மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வியாபாரி வந்தாலும் வாயில் வருகிற முதல் வார்த்தை, சாம்பிள் குடுங்க என்பதுதான். பனியன் தொழிலில் அது ஒன்றும் புதுசு இல்லை. எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் முதலில் சாம்பிளைப் பார்ப்பார். ஆள் மேல் போட்டுப் பார்த்து, சரி என்றால் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டுத் துணியில் கட்டி அனுப்புவார். அந்த அட்டை கட்டின பீஸ் வராமல் ஒரு கத்தரி கூட துணியில் படக்கூடாது. எங்களுக்கு அது பையர் வைத்த சட்டம். மயில்சாமி அண்ணனுக்கு அது வாழ்க்கை முறை. கேன்டீன் அரிசிக்குச் சாம்பிள், கூட்டுகிற விளக்குமாற்றுக்குச் சாம்பிள், ஆயுத பூஜைப் பொரிக்கும் சாம்பிள். மகள் மதுமதியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை, சொல்லாமல் கொள்ளாமல் அவன் வேலை செய்கிற இடத்துக்கே போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்த ஆள் அவர். சாம்பிள் ஓகே, மொத்தமாக வருகிற பல்க்கும் அதே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார் என்று நாங்கள் டீ டைமில் சிரித்து உருண்டோம்.

ஆனால் தையல் லைன் ஜிப்புக்காகக் காத்துக் கிடக்கும்போது சிரிப்பு வராது. ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கும், பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இந்த மனுஷன் ஸ்டோரில் ஒரு ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பார். நான் படியிறங்கிப் போய் வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறேன். ஒரு தரம் கூட திருப்பிப் பேசினதில்லை. இருங்கம்மிணி என்பார், ஜிப்பை மறுபடி இழுப்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

முன்பு எங்கள் கம்பெனி தகரக் கூரை ஷெட்டில் நடந்தது. ஆர்டர் பெருகினதும் முதலாளி அதே இடத்தில் எட்டு மாடி எழுப்பினார். கீழே நிலத்தடித் தொட்டி, அதன் மேல் பம்ப். அங்கிருந்து ஒரு சிவப்புக் குழாய் மாடிக்கு மாடி ஏறி மொட்டை மாடி வரைக்கும் போகிறது. ஒவ்வொரு மாடியிலும் அந்தக் குழாயில் ஒரு வால்வு, பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹோஸும், அதன் முனையில் திருகித் திறந்து மூடுகிற நாசிலும். தீப்பிடித்தால் ஹோஸை மாட்டி வால்வைத் திறந்து தண்ணீர் அடிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு குழு. எங்கள் மாடிக் குழுவில் நானும் செக்கிங் ரங்காத்தாள் அக்காவும் இருந்தோம். எங்களுக்குச் சிவப்பு ஜாக்கெட் எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

இங்கேதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மடத்தனம் பண்ணினோம். ஒத்திகை நடந்தது என்று பையருக்கு போட்டோ காட்ட வேண்டும். ஃப்ளோரில் தண்ணீர் விட்டால் சரக்கு நனையும், மெஷினை நிறுத்த வேண்டும், ஷிப்மென்ட் தள்ளிப் போகும். அதனால் எல்லா மாடிக் குழுவையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். ஆளுக்கொரு தரம் ஹோஸைப் பிடித்து ஆகாயத்தைப் பார்த்துத் தண்ணீர் அடிப்போம். வெயிலில் போட்டோ பளிச்சென்று விழும். மொட்டை மாடியில் தண்ணீர் சாதுவாகத்தான் வரும். ஹோஸ் பிடிப்பது இவ்வளவுதானா என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். எட்டு மாடி ஏறிக் களைத்துப் போன தண்ணீர் அது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உச்சிக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்றால் கீழே பம்ப் எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும்? அந்த வேகம் மொத்தமும் கீழ் மாடி வால்வுகளில் முட்டிக்கொண்டு நின்றது.

போன வருஷம் கம்பெனியின் பாதுகாப்பைச் சோதிக்க பையர் அனுப்பின ஆடிட்டர் ஒரு அம்மா. மொட்டை மாடி வேண்டாம், இந்த ஃப்ளோரிலேயே காட்டுங்கள் என்று எங்கள் மாடியில் நின்றுகொண்டது. சரக்கு ஏற்றி இறக்குவதற்கு ஹாலின் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய திறப்பு உண்டு. அதன் வழியாக வெளியே காலி இடத்தில் அடிக்கச் சொன்னார்கள். நான் நாசிலைப் பிடித்தேன், ரங்காத்தாள் அக்கா எனக்குப் பின்னால் ஹோஸைப் பிடித்தார். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றோம். முனீஸ் வால்வைத் திறந்ததும் ஹோஸ் விறைத்தது. நான் நாசிலைத் திருகித் திறந்தேன். அடுத்து நினைவிருப்பது நான் தரையில் கிடந்ததுதான். ஹோஸ் ஹாலுக்குள் துள்ளித் துள்ளி அடித்தது. நாசில் ரங்காத்தாள் அக்காவின் தாடையில் ஒரு போடு போட்டுவிட்டு ஒரு தையல் மேசையைச் சாய்த்தது. முனீஸ் தவழ்ந்து போய் வால்வை மூடினான். எனக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

கட்டோடு நான் திரும்பி வந்தபோது மேனேஜ்மென்ட் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தது. கீழ் மாடிகளில் பெண்கள் இனி ஹோஸைத் தொடக் கூடாது. தீப்பிடித்தால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி ஆட்கள் மேலே வந்து பார்த்துக்கொள்வார்கள். எங்கள் சிவப்பு ஜாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் எங்கள் நல்லதுக்குத்தானாம். எனக்கு வந்ததே கோபம். பெல் அடித்ததும் இத்தனை பெண்களும் படியில் இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு செக்யூரிட்டி எப்போது ஏறி வருவான்? எங்கள் ஹாலில் மலை மலையாகத் துணி கிடக்கிறது. தீ என்று வந்தால் முதல் ஐந்து நிமிஷம் அங்கே இருக்கப் போகிறவர்கள் நாங்கள்தான். எங்களால் பிடிக்க முடியாத ஹோஸ் எங்கள் மாடியில் எதற்கு, அழகுக்கா என்று எச்.ஆரில் போய்க் கத்தினேன். கையில் கட்டு இருந்ததால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆடிட்டர் அம்மா தன் பங்குக்கு எழுதிவிட்டுப் போயிருந்தது. கீழ் மாடி வால்வுகளில் அழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது, குறைப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. எது வாங்க வேண்டுமானாலும் மயில்சாமி அண்ணன்தானே. நூலும் ஊசியும் வாங்குகிற ஆளிடம் வால்வு வாங்கும் வேலை போய்ச் சேர்ந்தது. எனக்கு இருந்த ஒரு துளி நம்பிக்கையும் அன்றைக்குப் போய்விட்டது.

கோயமுத்தூரிலிருந்து ஜெபக்குமார் என்று ஒருவர் வந்தார். தீயணைப்புச் சாமான் விற்கிற கம்பெனி. ஊர் நாகர்கோவில் பக்கம். நல்ல மனுஷன், விஷயம் தெரிந்தவர். இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினாராம். ஒன்று, வால்வுக்குள் நடுவில் ஓட்டை போட்ட ஒரு தட்டை வைப்பது. சுலபம், மலிவு, ஆடிட்டும் பாஸாகும். இன்னொன்று, அழுத்தத்தைத் தானே அமுக்கிப் பிடிக்கிற வால்வையே மாட்டுவது. அது விலை கூட. முதலாளிக்குத் தட்டே போதும் என்று பட்டது. ஆர்டர் போட்டுவிடலாம் என்று முடிகிற நேரத்தில் மயில்சாமி அண்ணன் வழக்கம்போல, சாம்பிள் குடுங்க என்றிருக்கிறார்.

ஜெபக்குமார் இதைப் பின்னால் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இது வால்வுல்லா சார், பட்டனா? இத்தன வருசத்துல எங்கிட்ட வால்வுக்கு யாருமே சாம்பிள் கேட்டதில்ல" என்று அவர் சொல்ல, அப்படின்னா நாங்க வாங்கறதில்லீங்க என்று இவர் எழுந்துவிட்டாராம். சரி, ஒரு மாடியில் ஒன்றை மாட்டிக் காட்டுகிறேன் என்று ஜெபக்குமார் ஒத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மயில்சாமி அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எனக்குக் கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஜிப் விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நிமிரவே இல்லை.

"அம்மிணி, வால்வு சாம்பிள் வந்திருக்குதுங்க. நீங்களும் ரங்காத்தாளும் புடிச்சுப் பாக்கோணும்."

நான் எரிந்து விழுந்தேன். கை முறிந்தது போதாதா, எங்களைத்தான் குழுவை விட்டே எடுத்தாகிவிட்டதே, செக்யூரிட்டியிடம் போய்க் கேளுங்கள் என்று ஒரு பாட்டம் பொரிந்தேன். முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"செக்யூரிட்டி ஆம்பளைக எப்புடியும் புடிச்சிருவாங்க. அவங்க மேல போட்டுப் பாத்து என்னங்க தெரியும்? இந்த மாடியில இருக்கறது நீங்க. பீஸு யாருக்கோ அவங்க மேலதானுங்க போட்டுப் பாக்கோணும்."

எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டிடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் எங்களிடம் கேட்கிறார். ரங்காத்தாள் அக்காவைப் பார்த்தேன். தாடையைத் தடவிக்கொண்டே அக்கா எழுந்துவிட்டார். நானும் போனேன்.

முதல் சாம்பிள் அந்தத் தட்டு. திறப்புக்கு எதிரே, காலி இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. எங்கள் ஹாலின் நீளத்தைக் கால்களால் அளந்து பார்த்து, அதே தூரத்தில் நிற்கிற அந்த மரத்தைத் தண்ணீர் தொட வேண்டும் என்று அண்ணன் கணக்கு வைத்திருந்தார். வால்வில் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டியிருந்தது. செக்யூரிட்டி இரண்டு பேரை எங்களுக்குப் பக்கத்தில் ஹோஸைப் பிடிக்கத் தயாராக நிறுத்தியிருந்தார். நாசிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். பரவாயில்லை, பிடிக்க முடிந்தது. மரமும் நனைந்தது. முதலாளி முகத்தில் திருப்தி. நானும் தலையாட்டப் போனேன். மயில்சாமி அண்ணன் விடவில்லை. போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதுமா, உட்கார்ந்து எழுந்து கையைத் தூக்கிப் பார்க்க வேண்டாமா என்று துணிக்குக் கேட்பது மாதிரியே கேட்டார். நிஜமாகத் தீப்பிடித்தால் இதை வைத்துக்கொண்டு வேறு என்னவெல்லாம் செய்வீர்கள் என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் நின்றா அடிப்போம்? தீ நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். தண்ணீர் ஓடுகிற ஹோஸை இழுக்க முடியாது. நாசிலை மூடி, இழுத்துப் போய், மறுபடி திறக்க வேண்டும். அதைச் சொன்னேன். மூடினேன். கேஜ் முள் சரசரவென்று ஏறி உச்சியில் போய் நின்றது. ஹோஸ் பழையபடி கல்லாக விறைத்தது. மறுபடி திறந்தபோது விழுந்த உதையில் நானும் ரங்காத்தாள் அக்காவும் இரண்டடி பின்னால் போனோம். செக்யூரிட்டி பிடித்திராவிட்டால் இன்னொரு கையும் போயிருக்கும். தண்ணீர் ஓடுகிற வரைக்கும்தான் தட்டு அழுத்தத்தைக் குறைக்கும், ஓட்டம் நின்றால் முழு அழுத்தமும் வந்து முட்டும், இதைத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றார் ஜெபக்குமார். சொல்லியிருக்கிறார். யார் காதிலும் ஏறவில்லை. மயில்சாமி அண்ணன் தட்டைக் கழற்றச் சொன்னார். ரிஜெக்ட்.

இரண்டாவதாக ஒரு சின்ன வால்வு வந்தது. அதை மூடித் திறந்தாலும் உதைக்கவில்லை. ஆனால் தண்ணீர் மரத்துக்குப் பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. கேஜும் விதிப்படி இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே காட்டியது. "இதுல செடிக்குத்தான் தண்ணி ஊத்தோணும்" என்று ரங்காத்தாள் அக்கா சொன்னதும் ஜெபக்குமாரே சிரித்துவிட்டார். அதுவும் ரிஜெக்ட். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீரை விடும் என்றும் பார்த்துத்தான் வால்வு பொறுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

மூன்றாவதை அவர்கள் கம்பெனி இன்ஜினியரே கொண்டுவந்து, கேஜைப் பார்த்துப் பார்த்து எங்கள் மாடிக்கு இவ்வளவு என்று திருகி வைத்தார். திறந்தேன். கைக்கு அடங்கி வந்தது. மரத்தின் உச்சி நனைந்தது. மூடினேன், கேஜ் முள் அசையவில்லை. திறந்தேன், அதே வேகம். மறுபடி மூடினேன், திறந்தேன். பிறகு ரங்காத்தாள் அக்கா நாசிலுக்கு வந்தார், நான் பின்னால் போனேன். அக்காவுக்கும் அடங்கியது. எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகமெல்லாம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

முதலாளிக்கு இன்னும் மனசு தட்டிலேயே இருந்தது. ஆடிட்டுக்குத் தட்டு போதும் எனும்போது எதற்கு இவ்வளவு என்று கேட்டார். ஒரு பைசாவுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற மயில்சாமி அண்ணன் அன்றைக்குப் பேரம் பேசவில்லை. அப்ரூவ் ஆகாத சாம்பிளுக்கு பல்க் ஆர்டர் போடக் கூடாது என்பது நம்ம கம்பெனிச் சட்டம்தானுங்களே என்று மட்டும் சொன்னார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சரி, போடுங்க என்றார். மயில்சாமி அண்ணன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பையர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் என்னையும் ரங்காத்தாள் அக்காவையும் போடச் சொன்னார். எத்தனையோ வருஷமாக யார் யாரோ கையெழுத்துப் போட்ட அட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பீஸ் செக் பண்ணியவள் நான். எங்கள் பெயர் போட்ட அட்டை ஒரு வால்வில் தொங்கியது அன்றைக்குத்தான்.

அதே சைஸ், அதே செட்டிங்கில் எல்லா மாடிக்கும் மொத்தமாக ஆர்டர் போடத்தான் அண்ணன் முதலில் நினைத்தார். ஜெபக்குமார் தடுத்தார். கீழே போகப் போக அழுத்தம் கூடும், அதனால் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி செட்டிங், மேல் மாடிகளுக்குத் தேவையே இல்லை என்றார். ஓஹோ, எஸ், எம், எல், எக்ஸெல் சைஸ் மாதிரிங்களா என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு மாடிக்கு மாடி நின்று, ஒவ்வொன்றையும் அந்தந்த மாடிப் பெண்களைப் பிடிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட்டார். எங்கள் சிவப்பு ஜாக்கெட் திரும்பி வந்தது. ஒத்திகையும் அதற்குப் பிறகு அவரவர் மாடியில்தான்.

இந்த வருஷம் ஆடி மாசம் அது நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஹாலின் மேற்கு ஓரம் அயர்னிங். அதைத் தாண்டி ஒரு சந்து, சந்தின் முடிவில் கழிப்பறை. அயர்ன் மேசைக்குக் கீழே ஒயரில் பொறி பறந்து பக்கத்தில் அடுக்கியிருந்த துணிக் கட்டுகளில் தீ பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வீசியது. முனீஸ் மாடியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தீயணைக்கிற சிலிண்டர் இரண்டை அடித்துக் காலி பண்ணினான். மேலே அடங்கின மாதிரி இருந்து கட்டுக்குள்ளிருந்து மறுபடி குபீரென்று கிளம்பியது. பெல் அடித்தது. பெண்கள் கிழக்குப் படியில் இறங்க ஆரம்பித்தார்கள். நான் பயந்த மாதிரியே கீழேயிருந்து வந்த செக்யூரிட்டி முதல் மாடியில் மாட்டிக்கொண்டான்.

ரங்காத்தாள் அக்கா ஹோஸை உருட்டினார். நான் நாசிலைப் பிடித்தேன். முனீஸ் வால்வைத் திறந்தான். தண்ணீர் பாய்ந்து எதிரே இருந்த தீயைக் கிழித்தது. முன்பக்கம் அடங்கி வருகிற நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. சந்துக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அக்கா, அக்கா என்கிற குரல். ஓவர்லாக் தைக்கிற அனுப்பிரியா. வயிற்றில் ஆறு மாசம். கழிப்பறைக்குப் போனவள் புகையைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் துணி அடுக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் அதன் மேல் படவில்லை. சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நாசிலை மூட வேண்டும்.

மூடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் முறிந்த இடது மணிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. ஹோஸை இழுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் ஓடினோம். சந்துக்கு நேராக வந்து காலை அகட்டி நின்றோம். பின்னால் ரங்காத்தாள் அக்கா, "தொற கலை" என்றார். திறந்தேன். உதை வரவில்லை. முன்னே வந்த அதே வேகத்தில், கைக்கு அடங்கி, தண்ணீர் சந்துக்குள் நேராகப் போனது. எரிந்த அடுக்கு சரிந்து கறுத்தது. முனீஸ் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கீழே குனிந்து உள்ளே போனான். போனவன் அனுப்பிரியாவைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டும்போது என் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது மிச்சம் இருந்தது புகைதான். அதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் லைன் லைனாக ஆளை எண்ணினார்கள், எல்லாரும் இருந்தார்கள். முதலாளி எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அனுப்பிரியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று போன் வந்த பிறகுதான் ரங்காத்தாள் அக்கா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் கூட உட்கார்ந்தேன்.

மயில்சாமி அண்ணன் அன்றைக்கு ஊரில் இல்லை, நூல் பார்க்க ஈரோடு போயிருந்தார். மறுநாள் காலையில் நேராக எங்கள் மாடிக்கு வந்தார். கருகின துணிக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சந்துக்கு முன்னால் வந்து, நாசிலை மூடித் திறந்தேன் என்று நான் சொன்ன இடத்தில் அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு வருஷம் அவரோடு சண்டை போட்டவள் நான், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நீங்கள் இல்லையென்றால் அனுப்பிரியா இன்றைக்கு இல்லைங்கண்ணா, உங்களுக்கு ஆயுசுக்கும் நன்றி சொன்னாலும் பத்தாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"இல்லீங்கம்மிணி. நான் அன்னைக்கு மனசுக்குள்ள தட்டுக்குத்தானுங்க ஆர்டர் போட்டு வெச்சிருந்தேன். வெல கம்மி, ஆடிட்டும் தாண்டிரும்னு. பழக்க தோசத்துல சாம்பிள் கேட்டுட்டேன், அவ்வளவுதான். ஒடஞ்ச கையோட நீங்க அன்னைக்கு வரமாட்டேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அந்தத் தட்டையே வாங்கி மாட்டியிருப்பேனுங்க."

தறிக்காரர் வீட்டு மனுஷன், எதையும் சோதித்துச் சோதித்து வாங்கியே பழகினவர். தான் வாங்கப் பார்த்த ஒன்றை நினைத்து அவர் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அவர் எதிரிலேயே ஒரு துணிக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"வாங்கலீங்களேண்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் கேட்டீங்க, நாங்களும் வந்தோம். வாங்கலீங்க. அனுப்பிரியா ஊட்டுல படுத்துத் தூங்கீட்டு இருக்கறா."